சேர்வராயன் மலைச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றையும் நிலவியலையும் எழுதும் முறை

ஜெர்மனியின் தென்கோடியில், போடன் ஏரிக்கு வடக்கே சிறிது தொலைவில், ரோமன் எழுத்தில் நம் சேலத்தைப் போலவே எழுதப்படும் ஓர் ஊர் இருக்கிறது. 1130-களில் சிஸ்டெர்சியத் துறவியர் அங்கே மடம் அமைத்தபோது, சால்மன்ஸ்வைலர் என்று வழங்கிய அந்த இடத்துக்கு விவிலியத்தில் வரும் 'சாலேம்' என்னும் பெயரைச் சூட்டினார்கள். நம் சேலத்தின் பெயரையோ சிலர் மலையைக் குறிக்கும் 'சைலம்' என்ற சொல்லிலிருந்தும், வேறு சிலர் சேரரின் பெயரிலிருந்தும் வருவிக்கிறார்கள். எழுத்தொற்றுமையைத் தவிர இரண்டு ஊர்களுக்கும் உறவு ஏதுமில்லை. ஆனால் அந்தச் சாலேமைத் தேடப் போனதால்தான், ஜெர்மானியச் சிற்றூர்களில் ஊர்ச்சரித்திரம் எழுதும் வழக்கம் எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பதை நான் அறிந்தேன். சில நூறு பேர் மட்டுமே வாழும் ஊரிலும், பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஊதியமின்றி அந்தப் பொறுப்பை ஏற்று, ஓடையின் போக்கு முதல் தீயணைப்புக் குழுவின் தொடக்கம் வரை குறித்து வைக்கிறார்.

ஏற்காட்டைச் சுற்றியுள்ள நம் மலையூர்களுக்கு அப்படியொரு நூலை எழுத விரும்புவோருக்கான வழிமுறைகளே இங்கே சொல்லப்படுகின்றன. ஜெர்மானிய ஊர்ச்சரித்திரங்களின் வரிசைமுறையை நாம் தயங்காமல் பின்பற்றலாம். அவற்றில் காணப்படும் ஒரு பிழையை மட்டும் விலக்கிவிட வேண்டும். அந்தப் பிழையைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன். வரிசைமுறை இதுதான்: முதலில் நிலம், பிறகு பெயர், அதன் பிறகே ஏடு. நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். ஆவணக்காப்பகத்தில் தொடங்குகிறோம், அங்கே நம் ஊரின் பெயர் கிடைக்காதபோது சோர்ந்து விட்டுவிடுகிறோம்.

நிலத்தை நடந்து அறிதல்

முதல் வேலை ஊரின் நான்கு எல்லைகளையும் நடந்து பார்ப்பது. துணைக்கு மாடு மேய்த்துப் பழகிய ஒருவரை அழைத்துச் செல்ல வேண்டும். எந்தப் பாறைக்கு என்ன பெயர், எந்த ஊற்று எந்த மாதத்தில் வற்றும் என்பது அவருக்குத்தான் தெரியும். கையில் ஒரு குறிப்பேடும், உயரத்தைக் காட்டும் கைபேசியும் போதும். இந்திய நில அளவைத் துறை வெளியிட்டுள்ள 1:50,000 அளவு வரைபடத்தைப் படியெடுத்து வைத்துக்கொண்டால் ஓடைகளைச் சரிபார்க்க உதவும். ஒரே தடவையில் இந்த வேலை முடியாது. பங்குனி வெயிலில் ஒருமுறையும், தென்மேற்குப் பருவமழையின்போது ஒருமுறையும், ஐப்பசி அடைமழை ஓய்ந்த பின் ஒருமுறையுமாக, குறைந்தது ஓராண்டுச் சுற்றில் மூன்று நடைகள் வேண்டும்.

நடக்கும்போது முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, ஊரில் விழும் மழை எங்கே போகிறது என்பதாகும். சேர்வராயன் மலையின் தெற்கு, மேற்குச் சரிவுகளின் நீர் திருமணிமுத்தாறாகவும் சரபங்கா நதியாகவும் இறங்கிக் காவிரியில் சேர்கிறது. வடகிழக்குச் சரிவின் நீரோ வாணியாறாகத் தருமபுரி மாவட்டத்துக்குள் இறங்கித் தென்பெண்ணையை அடைகிறது. ஆகவே ஒரே மலையில், ஒரு முகட்டின் இருபுறமும் அமைந்த இரண்டு ஊர்கள் வெவ்வேறு ஆற்றுப் படுகைகளைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும். ஊரார் எந்தச் சந்தைக்கு இறங்கினார்கள், எந்தப் பக்கம் பெண் கொடுத்து எடுத்தார்கள் என்பனவற்றுக்கும் இந்தச் சரிவுக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பது பயன் தரும். மலையின் உச்சியிலுள்ள சேர்வராயன் குகைக் கோயிலில் காவிரியம்மனும் உடனுறைவதையும், அந்தக் குகை காவிரி வரை நீள்கிறது என்று மலைமக்கள் நம்புவதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம். குகை நீள்கிறதோ இல்லையோ, மலையின் நீரில் ஒரு பங்கு காவிரிக்குத்தான் போகிறது.

அடுத்தது உயரமும் மண்ணும். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரிலும் இருக்கின்றன. உச்சிப்பகுதி 1,600 மீட்டரைத் தாண்டுகிறது. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி முடிவதற்குள் புளியமரமும் வேலமரமும் மறைந்து, சில்வர் ஓக் நிழலும் அதில் படர்ந்த மிளகுக்கொடியும் வந்துவிடுவதற்கு இந்த உயர வேறுபாடே காரணம். உங்கள் ஊர் இந்த ஏணியில் எந்தப் படியில் நிற்கிறது என்பதை எழுதினாலே, அங்கே சாமையும் கேழ்வரகும் விளைந்தது ஏன், காப்பி வந்தது ஏன் அல்லது வராமல் போனது ஏன் என்பதில் பாதி விளங்கிவிடும். மலையின் உடல் சார்னோகைட் என்னும் கடும்பாறையால் ஆனது. உயரத்திலுள்ள தட்டையான மேடுகளில் அது காலப்போக்கில் சிதைந்து அலுமினியத் தாதுவான பாக்சைட்டாக மாறியிருக்கிறது. பாக்சைட் தோண்டப்பட்ட இடம் ஊர் எல்லைக்குள் இருந்தால், தோண்டுவதற்கு முன் அந்த மேட்டில் என்ன இருந்தது என்பதைக் கேட்டு எழுதிக்கொள்வது அவசரமான வேலை. அதைப் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஊரின் வடிவத்தையும் வரைந்துகொள்ள வேண்டும். ஜெர்மானிய நிலவியலார் இதில் மிகுந்த அக்கறை காட்டுவார்கள். வெண்ட்லாண்ட் பகுதியில் வட்டமான திடலைச் சுற்றி லாடம்போல வீடுகள் நிற்கும் ஊர்கள் உள்ளன. எர்ட்ஸ் மலைத்தொடரிலோ ஓடை நெடுக வீடுகள் வரிசையாக அமைய, ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் அதன் நிலம் நீண்ட பட்டையாகக் காடு வரை ஏறிச் செல்லும். முதல் வடிவத்தை அந்தக் காலத்து ஸ்லாவியக் குடியேற்றத்தோடும், இரண்டாவதைக் காடு வெட்டிக் குடியேறியவர்களுக்கு நிலம் அளந்து கொடுத்த முறையோடும் இணைத்துப் பேசுகிறார்கள். நம் மலையூரில் மந்தை எங்கே இருக்கிறது, மாரியம்மன் கோயில் மந்தையின் எந்தத் திசையில் இருக்கிறது, பழைய வீடுகளின் வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது, காலனி வீடுகள் எப்போது எந்தப் பக்கத்தில் எழுந்தன என்று ஒரு தாளில் வரைந்தால், எழுத்தில் இல்லாத ஒரு வரலாறு அதில் தெரியும்.

பெயர்களைச் சேகரித்தல்

ஊரின் பெயரைவிட வயலின் பெயரும் பாறையின் பெயரும் அதிகம் பேசும். ஜெர்மனியில் 'ரோடே', 'ரோய்ட்' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் காடு வெட்டித் திருத்திய இடங்களைக் குறிக்கின்றன. வெர்னிகெரோடேயும் பைரோய்ட்டும் அத்தகையவை. 'இங்கன்', 'ஹைம்' என்று முடிபவை பொதுவாக அவற்றைவிட முந்தைய குடியேற்றங்கள். கிழக்கில் 'இட்ஸ்', 'ஓ' என்று முடிபவற்றில் பல ஸ்லாவிய மொழியிலிருந்து வந்தவை. பெயரின் ஈற்றை வைத்தே குடியேற்றத்தின் அடுக்குகளைப் பிரிக்க அவர்களுக்கு இப்படி ஒரு வழி கிடைத்திருக்கிறது.

நமக்கும் அது இருக்கிறது. ஏற்காடு என்பதையே ஏரியும் காடும் சேர்ந்தது என்று பிரிக்கிறார்கள். தலைச்சோலையில் சோலை இருக்கிறது. மஞ்சக்குட்டையில் குட்டை இருக்கிறது. கரடியூரில் கரடி இருக்கிறது. செம்மநத்தத்தில் உள்ள நத்தம், வருவாய்த் துறையின் பேச்சில் இன்றும் குடியிருப்பு நிலத்தைக் குறிக்கும் சொல். மலைகள் சூழ்ந்த பள்ளத்தைக் கோம்பை என்பார்கள். இவற்றை அகரவரிசையில் அடுக்கிவிட்டு நிறைவடையக் கூடாது. ஒவ்வொரு பெயரையும் வரைபடத்தில் அதன் இடத்தில் எழுத வேண்டும். சோலை என்னும் பெயர் தாங்கிய ஐந்து இடங்களும் ஒரே உயரத்தில் வருகின்றன என்று தெரிந்தால், காப்பித் தோட்டங்கள் வருவதற்கு முன் காடு எதுவரை இறங்கியிருந்தது என்பதற்கு அது ஒரு சான்றாகும்.

பெயருக்குப் பொருள் சொல்லும் ஆசை எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அதை அடக்கிக்கொள்ள வேண்டும். ஊரார் சொல்லும் விளக்கத்தை 'ஊரார் சொல்வது' என்றே எழுதிவிட்டு, பெயரை அவர்கள் பேச்சில் எப்படி ஒலிக்கிறார்கள் என்பதையும் அருகிலேயே குறிக்க வேண்டும். அரசுப் பலகையில் திருத்தி எழுதப்பட்ட வடிவம் பல இடங்களில் பொருளையே மாற்றியிருக்கும்.

ஏடுகளும் முதல் குறிப்பு என்னும் மயக்கமும்

ஜெர்மானிய ஊர்ச்சரித்திரங்களில் விலக்க வேண்டிய பிழை என்று நான் சொன்னது இதுதான். ரைன் ஆற்றங்கரை வட்டாரத்தில் உள்ள பல ஊர்களின் பெயர் முதன்முதலாக லோர்ஷ் மடத்தின் கொடை ஆவணங்களில் வருகிறது. 764 முதல் அந்த மடத்துக்கு நிலம் எழுதிவைத்தவர்களின் கொடைகள் 12-ஆம் நூற்றாண்டில் ஒரே தொகுப்பாகப் படியெடுக்கப்பட்டன. அதில் ஏறத்தாழ 3,800 பதிவுகள் இருக்கின்றன. தங்கள் ஊரின் பெயர் 766-இலோ 770-இலோ அதில் வருவதைக் கண்டவர்கள், அந்த ஆண்டையே ஊர் பிறந்த ஆண்டாகக் கொண்டு 1,250-ஆவது ஆண்டுவிழாவைக் கொண்டாடுகிறார்கள். விழா எடுப்பதில் குற்றமில்லை. ஆனால் யாரோ ஒருவர் தம் திராட்சைத் தோட்டத்தை மடத்துக்குக் கொடுத்த நாள், அந்தத் தோட்டமும் ஊரும் ஏற்கெனவே இருந்தன என்பதைத்தான் காட்டுகிறது.

இதே மயக்கம் நம் மலையில் இன்னும் அழுத்தமாக இருக்கிறது. ஏற்காட்டின் கதை 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பியையும் ஆரஞ்சையும் கொண்டுவந்த நாளில் தொடங்குவதாகவே பெரும்பாலான கையேடுகள் எழுதுகின்றன. அவர் வருவதற்கு முன்பே மலைமக்கள் மலையை மூன்று நாடுகளாகப் பிரித்து, நாட்டுக்கு ஒரு பட்டக்காரரும் ஊருக்கு ஒரு கவுண்டருமாக முறைசெய்து வாழ்ந்துவந்தார்கள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பியர் புறப்பட்டு வந்து, ஒருவர் சேர்வராயன் மலையிலும் மற்ற இருவர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறியதாக அவர்கள் சொல்லும் கதை, நாள் குறிக்க முடியாததாயினும் நூலில் இடம்பெற வேண்டியது. வெளியூர் வாசகருக்காக ஒன்றையும் தெளிவாக்கிவிட வேண்டும்: இவர்களைக் குறிக்கும் 'மலையாளி' என்னும் சொல் மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வருவது; இவர்கள் பேசுவது தமிழே.

அதற்கும் முன்னால் போனால் கல் பேசுகிறது. இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கு வழிவகுத்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1860-களில் வில்லியம் கிங்குடன் சேர்ந்து சேலம் மாவட்டத்தின் பாறைகளை ஆராய்ந்தவர். பிற்காலத்தில் ஏற்காட்டிலேயே வீடு அமைத்துக்கொண்டார். சேர்வராயன் மலையில் கிடைத்த புதிய கற்கால வழுவழுப்பான கற்கோடரிகளை அவர் சேகரித்தார். அவருடைய சேகரிப்பு சென்னை அருங்காட்சியகத்துக்குச் சென்றது. ஆகவே மரத்தடிப் பிள்ளையாரின் முன்னால், உள்ளங்கையில் அடங்கும் வழுவழுப்பான ஆப்பு வடிவக் கற்களைக் கண்டால் எடுக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

இனி ஏடுகள். கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்குங்கள். அ-பதிவேட்டில் ஒவ்வொரு சர்வே எண்ணின் பரப்பும், புஞ்சையா, நஞ்சையா, புறம்போக்கா என்னும் வகைப்பாடும், தீர்வையும் இருக்கும். புலப்படத்தில் ஒவ்வொரு புலத்தின் வடிவமும் இருக்கும். அடங்கலில் ஆண்டுதோறும் விளைந்த பயிர் இருக்கும். பவேரியாவில் 1808-இல் தொடங்கிய முதல் நில அளவையின் 1:5,000 வரைபடங்களைத்தான் அந்நாட்டு ஊர்ச்சரித்திரக்காரர்கள் மேசைமேல் விரிக்கிறார்கள். 1792-இல் பாரமகால் என்று அழைக்கப்பட்ட இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரமும் சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் இந்த வட்டாரத்தில் புலவாரியாக நிலம் அளக்கத் தொடங்கியது அதற்கும் முந்தியது என்பதை நாம் பெருமையாகவே சொல்லிக்கொள்ளலாம். பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டபோது பழைய கணக்குகள் எல்லாமே அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தன என்று நினைக்க வேண்டாம். அந்தக் குடும்பங்களின் மரப்பெட்டிகளையும் ஒருமுறை பணிவாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய கணக்குகளில் ஆண்டு, வருவாய்த் துறையின் ஆண்டுக்கணக்கான பசலியில் இருக்கும். பசலி எண்ணுடன் 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. இதை மறந்து ஆண்டைத் தவறாக எழுதியவர்களில் நானும் ஒருவன். ஒரு ஊரணியின் வயதை அப்படித்தான் ஓராண்டு பிசகாகக் கணக்கிட்டு, ஊர்க்கூட்டத்தில் திருத்து வாங்கினேன்.

மாவட்டக் கையேடுகளில் லெஃபானு 1883-இலும் ரிச்சர்ட்ஸ் 1918-இலும் எழுதியவை இன்றியமையாதவை. ஆனால் மலைமக்களைப் பற்றி அவர்கள் எழுதியதை அவர்களுடைய கண்ணால் கண்டதாகவே மேற்கோள் காட்ட வேண்டும். வரி வாங்கும் அதிகாரியின் குரல் அதில் கலந்திருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கு 1871 முதல் கிடைக்கிறது. அதிலும் கவனம் வேண்டும்: கணக்கு எடுக்கப்படுவது வருவாய்க் கிராமத்துக்கு, உங்கள் ஊர் அதிலடங்கிய குக்கிராமமானால் தனி எண்ணிக்கை கிடைக்காது. ஒரு காலத்தில் ஊராக இருந்து இன்று ஆளற்றுப்போன இடத்தை வருவாய்த் துறையார் 'பேச்சிராக்' என்பார்கள். விளக்கில்லாதது என்று பொருள்படும் பாரசீகச் சொல். ஜெர்மனியில் 14-ஆம், 15-ஆம் நூற்றாண்டுகளில் இப்படி விளக்கணைந்த ஊர்கள் ஏராளம். அவற்றைத் தேடுவதே அங்கே ஒரு தனித் துறை. உங்கள் ஊருக்கு அருகில் பேச்சிராக் ஏதேனும் இருந்தால், அங்கிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேளுங்கள். விடை உங்கள் ஊரிலேயே இருக்கலாம்.

எல்லைகள் நகர்ந்ததையும் மறக்கலாகாது. மேற்கு ஜெர்மனியில் 1960-களின் இறுதியில் ஏறத்தாழ 24,000 ஆக இருந்த உள்ளாட்சிகள், பத்தாண்டுகளில் 8,500 அளவுக்கு இணைக்கப்பட்டன. அதனால் ஓர் ஊரின் கோப்பு இன்னோர் ஊரின் அலமாரியில் கிடக்கிறது. இங்கே சேலம் மாவட்டத்திலிருந்து 1965-இல் தருமபுரி பிரிந்தது. வாணியாற்றுச் சரிவில் உள்ள ஊரை எழுதுபவர் இரண்டு ஆட்சியர் அலுவலகங்களுக்கும் நடக்க வேண்டியிருக்கும். காப்புக்காட்டின் எல்லைக் கற்களையும் குறித்துக்கொள்ளுங்கள். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு மேய்ச்சல் நிலம் எவ்வளவு சுருங்கியது என்பது, ஊரின் மாட்டுக்கணக்கை வைத்து ஆராய வேண்டிய கேள்வி.

பெரியவர்களிடம் கேட்டல்

பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் எழுதிவைத்த தேவாலயப் பதிவேடுகளை வைத்து, ஜெர்மானியச் சிற்றூரில் ஒரு குடும்பத்தை 16-ஆம் அல்லது 17-ஆம் நூற்றாண்டு வரை பின்தொடர முடிகிறது; 1648-இல் முடிந்த முப்பதாண்டுப் போரில் அவை எரிந்துபோன ஊர்களில் 1648-க்கு முன் இருள்தான். நம் மலையூர்களுக்கு அப்படிப்பட்ட பதிவேடு இல்லை. அதற்கு ஈடாகப் பங்காளி வரிசையும் குலதெய்வமும் மாமன் மச்சான் உறவும் இருக்கின்றன. அவற்றை எழுதிக்கொள்ளத் தனியாகக் கேட்பதைவிட, திருவிழாவுக்கு முந்தைய நாள் வரி பிரிக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தாலே பாதி கிடைத்துவிடும்.

"எந்த வருஷம் தாத்தா?" என்று கேட்டால் விடை வராது. "மேட்டூர் அணை கட்டினதுக்கு முன்னயா, பின்னயா?" என்று கேட்டால் வரும், அணை 1934-இல் முடிந்தது. இளையவர்களிடம் 1987-இல் எம்.ஜி.ஆர். இறந்ததை வைத்துக் கேட்கலாம். "தாது வருஷப் பஞ்சம்" என்று பெரியவர்கள் தங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டதாகச் சொன்னால், அது 1876-இல் தொடங்கிய பெரும்பஞ்சம். 1871-இல் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881-இல் 16 லட்சமாகக் குறைந்தது. சமவெளி இப்படி வதங்கிய நாளில் மலையில் யார் ஏறினார்கள், யார் எஸ்டேட் வேலைக்குச் சேர்ந்தார்கள், மலையில் எதைத் தின்று உயிர் பிழைத்தார்கள் என்பது உங்கள் நூலின் மிகச் சிறந்த அத்தியாயமாகலாம். அறுபதாண்டுச் சுழற்சியில் தாது மீண்டும் 1936-இலும் 1996-இலும் வந்திருப்பதால், எந்தத் தாது என்பதை ஒருமுறைக்கு இருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பெண்களைத் தனியே சந்தித்துக் கேட்க வேண்டும். ஊற்றுகளின் பெயர், கீரைகளின் பெயர், பிரசவம் பார்த்த இடம், கீழ்நாட்டிலிருந்து உப்பு வந்த வழி ஆகியவற்றை அவர்களே சொல்வார்கள். ஆண்கள் பக்கத்தில் இருந்தால் பேச்சு நிலத்தகராறுக்குத் திரும்பிவிடும். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பையும் ஊரின் பகுதியாகவே எழுதுங்கள். பல தலைமுறையாக அங்கே வாழ்ந்தவர்களை 'வெளியூர்க்காரர்' என்று ஒரு வரியில் முடித்துவிடும் நூல் குறைபட்ட நூல்.

எழுதி முடித்தபின்

நூலில் இன்று உயிரோடிருப்பவரின் பட்டா எண்ணையோ, சர்ச்சையில் இருக்கும் நிலத்தின் உரிமையாளர் பெயரையோ அச்சிட வேண்டாம். ஊர்ச்சரித்திரம் நீதிமன்றத்துக்கும் போகும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிராம சபை உரிமை கோரும்போது பழைய குடியிருப்புக்கும் மேய்ச்சல் வழிக்கும் சான்றாகவும் அது விரிக்கப்படலாம். அதனால் கேட்டது, கண்டது, ஏட்டில் படித்தது மூன்றையும் கலக்காமல், ஒவ்வொரு வாக்கியமும் எந்த வகை என்று தெரியும்படி எழுதுவது கட்டாயம்.

அச்சுக்கு அனுப்பும் முன், மந்தையில் ஒரு மாலை முழுவதும் உரக்க வாசியுங்கள். வாசித்து முடிய இரவாகிவிடும். நடுவில் சண்டையும் வரும். பிழைத்திருத்தம் எழுதிக்கொள்ள இரண்டு பேரை அருகில் உட்கார வையுங்கள். அச்சான பின் ஒரு படியை ஊர்ப்பள்ளியிலும், ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்திலும், ஒன்றைச் சேலம் மாவட்ட மைய நூலகத்திலும், ஒன்றைச் சென்னை எழும்பூர் ஆவணக்காப்பகத்திலும் சேர்ப்பியுங்கள். கையால் வரைந்த ஊர்ப்படத்தின் மூலத்தை மட்டும் யாருக்கும் கொடுக்காமல், கறையான் அரிக்காத தகரப்பெட்டியில் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிப்பில் அதில்தான் முதலில் கைவைக்க வேண்டிவரும்.